கண் கண்டதும் பிலிம் கண்டதும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இம்மொழியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஆயினும் அதன் பொருளை எனக்கு உள்ளபடி உணர்த்தியது இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு சாம்பல் நிறக் கண்ணாடிதான். அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன். நுட்பச் செய்திகள் சில இடையிடையே வரும். அவையின்றி என் பிழை இன்னதென்று விளங்காது. ஆதலின் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கு அருகில் இருந்த ஓர் இரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். பிற்பகலில் பள்ளி விட்டபின் பொழுதைக் கழிக்க வேறு வழியில்லாத இடம் அது. பழைய கேமரா ஒன்றை வாங்கிப் படம் பிடிக்கத் தொடங்கினேன். பட்டணத்தில் படக்கடை வைத்திருந்த சீன முதியவர் ஒருவர் இத்துறையில் எனக்கு வாய்த்த குரு. நாங்கள் மலாய் மொழியில்தான் பேசிக்கொள்வோம். தம் இருட்டறையிலேயே இடங்கொடுத்து, படங்கழுவவும் அச்சிடவும் கைப்பிடித்துக் கற்பித்த பெருந்தகை. தவுக்கே என்றே நான் அவரை அழைப்பது வழக்கம்.

அவர் கடையில் நான் முதன்முதலாகக் காசு சேர்த்து வாங்கிய துணைக்கருவி, போலரைசர் எனப்படும் வடிகட்டி. பாடநூல்கள் இதைத் தளவிளைவாக்கி என்று குறிக்கும். ஒளி அலைகள் தாம் செல்லும் வழிக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருபவை. அவ்வொளி நீர்ப்பரப்பிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, ஒரு பக்கத்து அதிர்வு மிகுந்து மற்றது குன்றிவிடுகிறது. பாரிசு நகரில் மாலூ என்னும் அறிஞர், 1808இல் எதிரிலிருந்த லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் மின்னிய வெயிலை ஒரு படிகத்துண்டின் ஊடே பார்த்தபோது இதைக் கண்டறிந்தார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற, இரண்டாகத் தெரிந்த வெயில் உருவங்களுள் ஒன்று மங்க மற்றது ஒளிர்ந்தது. பின்னர் 1815இல் புரூஸ்டர் இதற்கு விதி வகுத்தார். செங்குத்துக் கோட்டிலிருந்து நீரில் ஏறத்தாழ 53 பாகையும் கண்ணாடியில் ஏறத்தாழ 56 பாகையும் சாய்ந்து தெறிக்கும் ஒளி முற்றும் ஒரே பக்கத்து அதிர்வாகிவிடும் என்பது அவர் கண்ட உண்மை.

எட்வின் லேண்ட் என்னும் அமெரிக்க இளைஞர், படிகத்துக்கு மாற்றாக மெல்லிய தகடு செய்யும் வழியை 1929இல் கண்டார். 1938இல் அவர் அமைத்த முறையே இன்றளவும் பெருவழக்காக இருக்கிறது. பாலிவினைல் ஆல்ககால் என்னும் நெகிழித்தாளை ஒரு பக்கமாக இழுத்து நீட்டி அயோடினில் தோய்த்தால், அயோடின் சங்கிலிகள் ஒரே திசையில் வரிசை கட்டி நின்று, தம் போக்கில் அதிரும் ஒளியை விழுங்கிக் குறுக்கே அதிரும் ஒளியை மட்டும் வழிவிடுகின்றன. இத்தகட்டைக் கண்முன் பிடித்துச் சுழற்றினால், குளத்து நீரின் பளபளப்பு அடங்கி அடியிலுள்ள கல் தெரியும். இலைகளின் மேல் மின்னும் மினுக்கு மறையும். அதற்கு ஈடாக ஒளியில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஏறத்தாழ இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு வாய்ப்பாடு போல் மனப்பாடமாயிற்று.

சில ஆண்டுகள் சென்றபின் தவுக்கே எனக்கு இன்னொரு விந்தையைக் காட்டினார். அது அகச்சிவப்புப் பிலிம். சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர் உண்டென்பதை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானி கொண்டு கண்டார். அக்கதிரால் எடுத்த நிலக்காட்சிகளை 1910இல் ராபர்ட் உட் உலகுக்குக் காட்டினார். அவற்றில் மரங்கள் பனி போர்த்தவை போல் வெளுத்தும், வானம் கறுத்தும் தோன்றும். இலையின் பச்சையம் சிவப்பொளியை விழுங்குமேயன்றி அகச்சிவப்பை விழுங்குவதில்லை. உள்ளே புகுந்த கதிர் இலையின் நுண்ணறைகளில் பட்டுச் சிதறி வெளியே திரும்பிவிடுகிறது. வானத்தின் நீலமோ, காற்றின் மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளி. அலைநீளம் இரட்டித்தால் அச்சிதறல் 16இல் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நீலவானம் இருளும். தொலைவை மறைக்கும் மெல்லிய மூட்டமும் விலகும். மனிதரின் கறுத்த மேனியும் இப்பிலிமில் பால் போல் வெளுத்துவிடும்.

கோடக் நிறுவனத்தின் அந்தப் பிலிம் ஏறத்தாழ 900 நானோமீட்டர் வரை காணும். நம் கண்ணோ 700ஐ எட்டும் முன்பே தளர்ந்துவிடும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். முழு இருளில்தான் கேமராவில் ஏற்றவும் இறக்கவும் வேண்டும். கண்ணுக்குக் கரியாகவே தோன்றும் அகச்சிவப்பு வடிகட்டியை லென்சின் முன் பூட்டிவிட்டால் கேமராவினூடே எதுவும் தெரியாது. முக்காலியில் நிறுத்தி, காட்சியை முன்னரே அளந்து, லென்சிலுள்ள சிவப்புக் குறிக்குக் குவியத்தை நகர்த்தி, பின்னரே வடிகட்டியை மாட்ட வேண்டும். குருடன் கோலூன்றி நடப்பது போன்ற வேலை. விலையும் அதிகம். ஆசிரியர் சம்பளத்தில் ஆண்டுக்கு ஒரு சுருளுக்கு மேல் வாங்க எனக்கு இயலவில்லை.

1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோட்டம் கைமாறிவிட்டது என்ற செய்தி வந்தது. நிலம் வீடமைப்புக்குப் போகிறதென்றும், மே மாத முடிவுக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டுமென்றும் சொன்னார்கள். மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் பாய் படுக்கையைச் சுருட்டத் தொடங்கின. மாரியம்மன் கோயிலும் இடிபட இருந்தது. அந்நாளில் ஒருநாள் மாலை, கோயிலை நெடுங்காலம் பார்த்துவந்த பெரியவர் என் வீட்டுக்கு வந்தார்.

“வாத்தியாரே, நாங்க எங்கெங்க சிதறிப் போகப் போறோமோ தெரியல. கோயிலும் குளமும் மலையும் ஒண்ணாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஆளுக்கு ஒண்ணு வீட்டுல மாட்டிக்கிறோம்” என்றார்.

அவர் மலை என்றது ஜெராய் மலையை. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து, பண்டைக் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மலை அது. அதன் அடிவாரத்தில் உள்ளதே பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர் கல்வெட்டில் வரும் கடாரத்தை அறிஞர் பலர் அப்பகுதியோடு இணைத்துப் பேசுவர். கோயிலுக்கு எதிரே குளக்கரையில் நின்றால் கூரைக்கு மேல் அம்மலை எழுந்து நிற்கும். ஆனால் அது மார்ச்சு மாதம். மழையின்றி, மூட்டம் படிந்து, மலை இருக்கும் இடமே தெரியவில்லை. குளமோ வெளுத்த வானத்தை வாங்கித் தகரம் போல் கண்ணைக் கூசச் செய்தது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. மூட்டத்தை நீக்க அகச்சிவப்புப் பிலிம். நீரின் கூச்சத்தை அடக்கப் போலரைசர். இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டு குறையும் தீரும் என்று நம்பினேன். தவுக்கேயிடம் சென்றேன். குளிர்ப்பெட்டியில் இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்றை வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மக்கள் கோயிலின் முன் கூடினர். பெரியவர் வேட்டி உடுத்து, திருநீறு பூசி, கையில் கற்பூரத் தட்டுடன் குளப்படியில் நின்றார். நான் போலரைசரைக் கண்ணில் வைத்துச் சுழற்றினேன். நீரின் மினுக்கு அப்படியே அடங்கிற்று. படிக்கட்டின் அடிக்கல் கூடத் தெரிந்தது. அந்த நிலையைக் குறித்துக்கொண்டு லென்சில் பூட்டினேன். அதன்மேல் அகச்சிவப்பு வடிகட்டியை மாட்டினேன். வாய்ப்பாட்டின்படி இரண்டு ஸ்டாப் கூட்டினேன். படம் எடுத்த பின்னும் ஐயம் தீராமல் அதே அளவில் மேலும் பல எடுத்தேன். சுருள் தீர்ந்தது.

அன்றிரவு இருட்டறையில் சுருளைக் கழுவி விளக்கின்முன் பிடித்தபோது என் உள்ளம் சோர்ந்துவிட்டது. நெகடிவ் முழுவதும் கரி பூசியது போல் தடித்துக் கிடந்தது. மலை வந்திருந்தது, அதுவரை என் கணக்குச் சரி. ஆனால் மரங்களின் வெண்மை வழிந்து கோயிலின் சிறு கோபுரத்தை விழுங்கியிருந்தது. அந்தப் பிலிமில் ஒளி பின்புறம் பட்டுத் திரும்புவதைத் தடுக்கும் பூச்சு கிடையாது. ஒளி மிகுந்தால் வெண்மை கரை கடந்து பரவும். பெரியவர் நின்ற இடத்தில் ஒரு வெளுத்த நிழல் மட்டுமே இருந்தது. யாவற்றினும் வியப்பு, குளத்தின் பளபளப்பு. கண்முன் அடங்கிய அந்த மினுக்கு ஒரு சிறிதும் குறையாமல் பிலிமில் பதிந்திருந்தது.

“போலரைசரைச் சுழற்றிப் பார்த்தாயா?” என்று தவுக்கே கேட்டார். பார்த்தேன் என்றேன். “எதனால் பார்த்தாய்?” என்றார். “கண்ணால்தான்” என்றேன். அவர் சிரித்தார். “படம் எடுத்தது உன் கண் இல்லையே” என்றார்.

பிறகு அவர் செய்த சோதனையை நான் என்றும் மறவேன். கடையிலிருந்து இன்னொரு போலரைசரை எடுத்து என்னுடையதன்மேல் வைத்துக் குறுக்காகச் சுழற்றினார். ஒன்று விடும் அதிர்வை மற்றது விழுங்குவதால், அப்பால் எரிந்த பல்பு முற்றிலும் மறைந்து இருள் சூழ்ந்தது. அந்த இரட்டைக் கண்ணாடியை லென்சின் முன் வைத்து, இரண்டாவது சுருளை ஏற்றி, பல்பை நோக்கி நான்கு படங்கள் எடுத்தார். விளக்கை அணைத்து, இருளிலேயே சுருளின் முன்பகுதியை மட்டும் கத்தரித்துக் கழுவினார். விளக்கைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் கண்ணுக்கு மறைந்துபோன பல்பு, பிலிமில் சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது.

காரணம் எளியது. அயோடின் தோய்த்த தகடு, கண்காணும் ஒளியை விழுங்குவதற்கென்று அமைந்தது. 700 நானோமீட்டரைத் தாண்டியபின் அதன் ஆற்றல் தளரத் தொடங்குகிறது. 800ஐத் தாண்டினால் அத்தகைய தகடுகளிற் பல வெறும் கண்ணாடியாகவே நின்றுவிடுகின்றன. எந்த அதிர்வையும் அது தடுப்பதில்லை. ஆகவே குளத்தின் மினுக்கும் அடங்கவில்லை; ஒளியும் குறையவில்லை. குறையாத ஒளிக்கு நான் நான்கு மடங்கு ஈடுகொடுத்தேன். ஒரு கண்ணாடி இரண்டு வழியாக என்னை ஏமாற்றிற்று என்று அன்றிரவு புலம்பினேன். நாளடைவில்தான் தெளிந்தேன்: கண்ணாடி எவரையும் ஏமாற்றவில்லை. தனக்குரிய ஒளியில் அது தன் கடமையைச் செவ்வனே செய்தது. அதற்குப் புறம்பான ஒளியில் நான் அதைக் கேளாமல் வேலைக்கு அமர்த்தினேன்.

சுருளில் எஞ்சியிருந்ததை வைத்து மீண்டும் எடுக்க வேண்டும். போலரைசர் இல்லாமல் குளத்தை எப்படி அடக்குவது? தவுக்கே வழி சொன்னார். சாதாரணப் படத்தில் நீர் கறுக்க வேண்டுமானால், மரநிழல் நீரில் விழும்படி நிற்போம். வானம் விழுந்தால் வெளுக்கும். அகச்சிவப்பில் இது தலைகீழ். மரங்கள் வெள்ளை, நீலவானமோ கறுப்பு. ஆகவே தெளிந்த வானம் நீரில் விழும்படி நிற்க வேண்டும். நீருங்கூட அக்கதிரை விழுங்கும் இயல்புடையது. ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். தெறிப்பைத் தவிர்த்துவிட்டால் குளம் தானே மை போல் கறுக்கும். மழை பெய்து மூட்டம் கழுவப்பட்ட காலையில், சற்று உயரமான இடத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால், தொடுவானத்து வெண்மை விலகி, உச்சிவானத்தின் இருள் நீரில் விழும் என்றார்.

மழைக்காகக் காத்திருந்தேன். ஏப்ரல் மாதத்தில் ஓரிரவு கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடியலில் ஜெராய் மலை கையெட்டும் தூரத்தில் நிற்பது போல் தெளிந்து நின்றது. பள்ளிக்கூடத்து மேசைகள் இரண்டை இளைஞர்கள் தூக்கி வந்து குளக்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் மேலேறி முக்காலியை நிறுத்தினேன். போலரைசர் வீட்டில் இருந்தது. கூட்டிய ஸ்டாப் ஏதுமில்லை. மணியடித்தது, மக்கள் படியில் வந்து நின்றார்கள். பெரியவர் மட்டும் வரவில்லை. அதற்கு நான்கு நாள் முன்பு அவர் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் இருந்தார்.

படம் நன்றாக வந்தது. கறுத்த குளம், வெளுத்த மரங்கள், நடுவில் கோயில், பின்னால் கோடு கோடாகச் சரிவுகள் தெரியும் மலை. குடும்பத்துக்கு ஒன்றாக அச்சிட்டுக் கொடுத்தேன். “நம்ம ஆளுங்க எல்லாரும் வெள்ளைக்காரனாயிட்டாங்களே” என்று இளைஞர்கள் கைகொட்டிச் சிரித்தனர். பெரியவரின் மனைவி படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “மரமெல்லாம் நரைச்சுப் போச்சே வாத்தியாரே, எங்களைப் போலவே” என்றார். அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பெரியவரை மருத்துவமனையில் பார்க்கச் சென்றபோது இரண்டு படங்களைக் கொண்டு சென்றேன். ஒன்று நன்றாக வந்தது. மற்றொன்று, கெட்டுப்போன நெகடிவிலிருந்து தவுக்கேயும் நானும் இரவு முழுதும் முயன்று எடுத்தது. அதில் கோபுரம் பாதி கரைந்திருந்தது, குளம் கூசிற்று, படியில் கற்பூரத் தட்டுடன் ஒரு வெள்ளை உருவம் புகைபோல் நின்றது. நடந்ததை மறைக்காமல் கூறி, என் பிழையால் அவர் முகம் போயிற்று என்று ஒப்புக்கொண்டேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா தெளிவா இருக்கா. அது போதும்” என்றார். பிறகு கெட்ட படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். மறுமாதம் மக்கள் கலைந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவரும் மறைந்தார்.

காலம் மாறிவிட்டது. கோடக் அந்தப் பிலிமை 2007இல் நிறுத்திவிட்டது. அகச்சிவப்பின் விளிம்பைத் தொடும் கறுப்பு வெள்ளைப் பிலிம்கள் சில மட்டும் பின்னும் கிடைத்து வருகின்றன. இன்றைய இளைஞர்கள் டிஜிட்டல் கேமராவின் உள்ளிருக்கும் தடுப்புக் கண்ணாடியை நீக்கி, 720 நானோமீட்டர் வடிகட்டி பூட்டி எடுக்கிறார்கள். என் பேரனும் அவர்களுள் ஒருவன். சென்ற ஆண்டு அவன் புதிய போலரைசர் ஒன்றை வாங்கிவந்து, “தாத்தா, இதைப் போட்டா வானம் இன்னும் கறுக்குமா?” என்று கேட்டான்.

தெளிந்த வானம் அகச்சிவப்பில் முன்னமே கறுத்திருக்கிறது. அங்கே போலரைசருக்கு வேலை குறைவு என்றேன். வானத்தில் தளவிளைவு மிகுந்திருப்பது சூரியனுக்கு 90 பாகை தள்ளிய பட்டையில். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் உச்சிவேளையில் அப்பட்டை தொடுவானத்தையே சுற்றிக் கிடக்கும். அங்கேதான் ஈரமும் மூட்டமும் மிகுதி. வேலை இருப்பதெல்லாம் நீரிலும், ஈரச்சாலையிலும், மினுக்கும் இலைகளிலுந்தான். அங்கும், அது அகச்சிவப்பில் உயிரோடிருந்தால் மட்டுமே பயன். 720ஐ ஒட்டிய ஒளியில் சில தகடுகளுக்கு ஆற்றல் எஞ்சியிருக்கும். மேலே செல்லச் செல்லக் குறையும். அகச்சிவப்புக்கென்றே செய்யப்படும் தகடுகளும் உண்டு. பெயரைப் பார்த்து எதையும் சொல்ல இயலாது.

என் மேசை இழுப்பறையிலிருந்து பழைய போலரைசரை எடுத்து அவனுடையதன்மேல் குறுக்காக வைத்தேன். கண்ணுக்கு முழு இருள். அதை அவன் கேமராவின் முன் பிடித்துச் சன்னலைப் பார்க்கச் சொன்னேன். திரையில் தென்னையும் தெருவும் வெயிலும் பளிச்சென்று தெரிந்தன. அவன் திகைத்து நின்றான். தொலைக்காட்சியின் ரிமோட் கருவியை எடுத்து அதன் விளக்கையும் அவ்வாறே பார்த்தோம். பெரும்பாலும் 940 நானோமீட்டரில் எரியும் அக்கதிரும் இரட்டைத் தகட்டைக் கடந்து மின்னிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்காகப் பெரியவரின் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் நல்ல படம் மாட்டியிருக்கும் என்று எண்ணினேன். இல்லை. பூசையறையில், அம்மன் படத்துக்குக் கீழே, அந்தக் கெட்ட படம் சட்டமிட்டு மாலையுடன் இருந்தது. “அப்பா இருக்கிற படம் இதுதான் சார்” என்றார் மகன். கோபுரத்தைக் கரைத்த வெண்மையும், அடங்காத குளமும், கற்பூரத் தட்டேந்திய புகையுருவமும் விளக்கொளியில் தெரிந்தன. என் பிழையை நான் கைகூப்பி வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.